டியூட்டி உடுப்பை வீட்டில் துவைப்பது: கேள்வி பதில்

மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோய்த்தொற்றுக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்: சிஸ்டர், கொரோனா நோயாளியை ஏற்றி இறக்கிய சட்டையோடு வீட்டுக்கு வருகிறேன். என்ன செய்ய?

தம்பி, துவைப்பதைவிடக் கழற்றும்போதுதான் கவனம் வேண்டும். முடிந்தால் வேலை இடத்திலேயே மாற்றிவிட்டு, பழையதை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு எடுத்து வாருங்கள். நமக்குத் துணியைப் படபடவென்று உதறும் பழக்கம் உண்டே, அது மட்டும் வேண்டாம். டி-ஷர்ட்டைத் தலைவழியே உருவும்போது முகத்தில் உரசும். பொத்தான் சட்டை நல்லது. அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வார்டு உதவியாளர்: வாஷிங் மெஷின் இல்லை. கையால் எப்படி?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது 60 முதல் 90 டிகிரி வெந்நீரும் சோப்புத்தூளும். அந்தச் சூட்டில் கை வைக்க முடியாது. கையுறை போட்டுக்கொண்டு, பெரிய வாளியில் துணியைப் போட்டு, தண்ணீர் தெறிக்காமல் குச்சியால் கிளறுங்கள். வெந்நீருக்கு வழியில்லை என்றால், சோப்பில் அலசிய பிறகு 0.05 சதவீதக் குளோரின் நீரில் அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 10 லிட்டர் பச்சைத் தண்ணீருக்குச் சுமார் 17 கிராம். ஒருமுறை தராசில் நிறுத்து, அது எந்த மூடிக்குச் சரியாக வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கரைத்ததும் துணியைப் போட்டுவிடாதீர்கள். கட்டி அடியில் தங்கட்டும், மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்து எடுங்கள். இல்லாவிட்டால் கரையாத துகள் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழும். என் முதல் நீலச் சேலை அப்படித்தான் போனது! அழுக்கு குளோரினைத் தின்றுவிடும், அதனால்தான் சோப்பு முதலில். பிரித்த பாக்கெட்டும் நாளாக நாளாக வீரியம் இழக்கும்.

அவரே: கூடவே கக்கூஸ் ஆசிட் கொஞ்சம் சேர்க்கலாமா?

கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சடைக்கும்.

கோழிப்பண்ணைத் தொழிலாளி, நாமக்கல்: எச்சம் காய்ந்து ஒட்டிய பேன்ட்டை வெளியே தட்டிவிட்டுத் துவைக்கலாமா?

தட்டினால் தூசி மூக்கில் ஏறும். முதலில் தண்ணீரில் நனையுங்கள். பறவைக் காய்ச்சல் கிருமிக்குக் கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதை உடைத்துவிடும். வாந்திபேதி கொடுக்கும் நோரோ வைரஸுக்கு அந்த உறை கிடையாது. அதற்கு சோப்பு மட்டும் போதாது.

லேப் டெக்னீஷியன்: ஒருமுறை போட்டு எறியும் கவரால் (உடம்பு முழுவதும் மூடும் உடுப்பு), என்95 மாஸ்க், இவற்றைத் துவைக்கலாமா?

துவைக்காதீர்கள். என்95 துணியில் இருக்கும் மின்னேற்றம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்புத் தண்ணீரில் அது போய்விடும். இரண்டையும் வேலை இடத்திலேயே மருத்துவக் கழிவில் போட்டுவிட்டு வாருங்கள்.

இல்லத்தரசி: அவர் உடுப்போடு பிள்ளைகள் துணியையும் மெஷினில் போடலாமா?

தனியாகப் போடுங்கள். மெஷினைத் திணிக்காமல் பாதி நிரப்பினால் போதும்.