அழிந்த வாட்ஸ்அப் சாட்டை மெமரி கார்டில் தேட வேண்டாம்

கேள்வி: எங்கள் வீட்டைக் கட்டும் மேஸ்திரியோடு எட்டு மாதமாக வாட்ஸ்அப்பில்தான் பேசி வருகிறேன். கம்பி, சிமெண்ட் கணக்கு, எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தேன் என்பது எல்லாம் அதில்தான் இருந்தது. போனில் இடம் போதவில்லை என்று ஞாயிறு சாயங்காலம் என் மகன் அந்த சாட்டை மொத்தமாக கிளியர் செய்துவிட்டான். ஆண்ட்ராய்டு போன், 32 ஜிபி மெமரி கார்டு போட்டிருக்கிறேன். கார்டிலிருந்து மீட்டுத் தர ஒரு கடையில் 2,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். போனையும் அந்தக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். நீங்கள் தேடும் உரையாடல் அந்தக் கார்டில் ஒருநாளும் இருந்ததில்லை.

பழைய நோக்கியா சிம்பியன் போன்களில் எஸ்எம்எஸ்களை மெமரி கார்டிலேயே சேமிக்கும் வசதி இருந்தது. கார்டில் மெசேஜ் இருக்கும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் சரிதான். வாட்ஸ்அப் அப்படி அல்ல. மெசேஜ்களை அது போனின் உள் நினைவகத்தில், மற்ற ஆப்கள் நுழைய முடியாத இடத்தில், ஒரே டேட்டாபேஸ் கோப்பாக வைத்திருக்கிறது. அந்த உள் நினைவகமும் பூட்டப்பட்டது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து புதிதாக வரும் போன்கள் எல்லாவற்றிலும் சேமிப்பு என்க்ரிப்ட் ஆகியிருக்க வேண்டும் என்பது கட்டாயம். ஆகவே அழிந்ததைத் தோண்டி எடுப்பதாகச் சொல்லும் சாதாரண மென்பொருள் கார்டில் தேடினாலும் பயனில்லை, உள்ளே தேடினாலும் பயனில்லை. பிளே ஸ்டோரில் இதே வாக்குறுதி தரும் ஆப்கள் பலவும் இனிமேல் வரும் நோட்டிஃபிகேஷன்களைப் படித்து எடுத்து வைப்பவைதான். நேற்று அழிந்தது அவற்றுக்குத் தெரியாது. உங்கள் ஓடிபி வரை படிக்கும் அனுமதியை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

சரி, அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது, அதுவும் உங்கள் போனுக்குள்ளேயே. வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்குத் தானாக ஒரு பேக்அப் எடுக்கிறது. கடைசி ஏழு நாள் வரையிலான பேக்அப்கள் போனிலேயே இருக்கும். உங்கள் மகன் அழித்தது ஞாயிறு மாலை. அன்று அதிகாலை 2 மணிக்கு எடுத்த கோப்பில் எட்டு மாதப் பேச்சும் இருக்க வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து எடுத்தவற்றில் இருக்காது. நல்ல கோப்பு பழசாகி வெளியேற இன்னும் சில நாள்களே உள்ளன. அதனால் இதைப் படித்த கையோடு வேலையைத் தொடங்குங்கள்.

முதல் வேலை நகல் எடுப்பது. போனை கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, உள் நினைவகத்தில் ‘ஆண்ட்ராய்டு’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்அப் பெயரில் இருக்கும் ஃபோல்டரை முழுதாக கம்ப்யூட்டரில் காப்பி செய்துகொள்ளுங்கள். அதன் உள்ளே ‘டேட்டாபேஸஸ்’ என்ற ஃபோல்டரைத் திறந்தால் ‘எம்எஸ்ஜிஸ்டோர்’ (msgstore) என்று தொடங்கி ‘கிரிப்ட்14’ (crypt14) அல்லது ‘கிரிப்ட்15’ (crypt15) என்று முடியும் கோப்புகள் வரிசையாக இருக்கும். ஒன்றில் மட்டும் தேதி இருக்காது. அதுதான் கடைசியாக எடுத்தது. மற்றவற்றின் பெயர் நடுவில் ஆண்டு, மாதம், நாள், அதை ஒட்டி ஒரு புள்ளியும் 1 என்ற எண்ணும் இருக்கும். பெயரில் உள்ள தேதியை மட்டும் நம்பாமல், கோப்பின் விவரத்தில் எந்த நேரம் சேமிக்கப்பட்டது என்றும் பாருங்கள். ஞாயிறு அதிகாலையைக் காட்டுவதுதான் உங்களுக்கு வேண்டியது. அளவிலும் துப்பு கிடைக்கலாம்: பெரிய சாட் அழிந்திருந்தால் திங்கட்கிழமைக் கோப்பு கொஞ்சம் சிறுத்திருக்கும்.

அப்புறம் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட் பேக்அப் பக்கத்தைத் திறங்கள். ‘பேக்அப்’ பொத்தானை மட்டும் தவறியும் அழுத்திவிடாதீர்கள். கூகுள் கணக்கில் கடைசி பேக்அப் எப்போது என்று அங்கே காட்டும். வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என்று வைத்திருந்து, கடைசி பேக்அப் ஞாயிறு மாலைக்குச் சற்று முன்பு எடுத்ததாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தானாக எடுக்கும் பேக்அப்பை உடனே நிறுத்துங்கள். அங்கே புதியது வந்தால் பழையது போய்விடும். இந்த நிலையில் கோப்பின் பெயரையெல்லாம் மாற்ற வேண்டியதில்லை. ஆப்பை நீக்கி, மறுபடி நிறுவி, கூகுளிலிருந்து ரீஸ்டோர் கொடுத்தாலே போதும்.

அது இல்லையென்றால் ஞாயிறு கோப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். ஞாயிறுக்குப் பிறகு வந்த முக்கியமான சாட்களை முதலில் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள், அதாவது தனி எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள். ரீஸ்டோர் செய்ததும் போன் ஞாயிறு அதிகாலை நிலைக்குப் போய்விடும். பிறகு வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி நிறுவுங்கள், ஆனால் திறக்காதீர்கள். ஃபோல்டர் காணாமல் போயிருந்தால் கம்ப்யூட்டரில் உள்ள நகலை அதே இடத்தில் வையுங்கள். தேதி இல்லாத கோப்பின் பெயரை வேறு ஏதாவது ஆக்கிவிட்டு, ஞாயிறு கோப்பின் பெயரிலிருந்து தேதியையும் அதன் முன்னால் உள்ள சிறு கோட்டையும், தேதியை ஒட்டி இருக்கும் புள்ளியையும் 1 என்ற எண்ணையும் எடுத்துவிடுங்கள். முடிவில் உள்ள கிரிப்ட் எண்ணில் கை வைக்கக் கூடாது. கூகுளில் வேறு பேக்அப் இருந்தால் ஆப் அதைத்தான் முதலில் காட்டும் என்பதால், அந்தக் கணக்கைத் தற்காலிகமாகப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். இப்போது ஆப்பைத் திறந்து, அதே எண்ணைக் கொடுத்து, ரீஸ்டோர் அழுத்துங்கள். சிம் கையில் இருக்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்புக்கு ரகசிய எண் (PIN) வைத்திருந்தால் அதுவும் நினைவில் இருக்க வேண்டும். பேக்அப்புக்குத் தனியாகப் பாஸ்வேர்டு வைத்திருந்து அது மறந்துவிட்டால், அந்தக் கோப்பைத் திறக்க வழியில்லை.

சாட் வந்துவிட்டால் உடனே அதை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள்.

இத்தனை சிரமத்துக்கும் முன்னால் ஒரு சுலபமான வழி உண்டு. உங்கள் மகன் அழித்தது உங்கள் போனில் இருந்ததை மட்டும்தான். மேஸ்திரி போனில் அந்த உரையாடல் அப்படியே இருக்கும், அவரும் அழிக்காதவரை. உங்களுக்குள் மனத்தாங்கல் இல்லையென்றால், சாட்டை எக்ஸ்போர்ட் செய்து அனுப்பச் சொல்லுங்கள்; வரிக்கு வரி தேதியோடும் நேரத்தோடும் எழுத்துக் கோப்பாக வரும். பணம் கொடுத்த கணக்கு மட்டும் போதும் என்றால், யுபிஐயில் அனுப்பியவை எல்லாம் உங்கள் வங்கி ஸ்டேட்மென்டில் பரிவர்த்தனை எண்ணோடு இருக்கும். கையில் கொடுத்த பணத்துக்குத்தான் சாட் தேவைப்படும்.

கணக்குத் தகராறாகி நீதிமன்றம் வரை போகும் போலிருந்தால், ஆப்பை நீக்குவது, பெயர் மாற்றுவது எதையும் செய்யாதீர்கள். ஃபோல்டரை நகல் எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழும் கேட்கிறது.

மெமரி கார்டு உதவக்கூடிய ஒரே இடம் படங்கள். கிளியர் செய்யும்போது ‘மீடியாவையும் நீக்கு’ என்ற கட்டத்தை உங்கள் மகன் டிக் செய்யாமல் விட்டிருந்தால், பில் போட்டோக்கள் வாட்ஸ்அப் மீடியா ஃபோல்டரிலேயே இருக்கும். அங்கே முதலில் பாருங்கள். நீங்கள் படங்களைக் கார்டுக்கு மாற்றி வைத்து, அங்கிருந்து அழிந்திருந்தால், கார்டை உடனே கழற்றிவிடுங்கள். கோப்பை அழிக்கும்போது அதன் இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்படும்வரை படம் அங்கேயேதான் இருக்கும். கார்டு ரீடரில் போட்டு, ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளால் தேடலாம். கிடைக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். அதே கார்டில் சேமித்தால் இன்னும் மீட்காத படங்களின்மேல் அவை எழுதிவிடும். ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.