டெங்குவுக்குப் பிறகு மறுபடி ஓட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு 41 வயது. கோவையில் இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தோடு ஓட்டத்தை விட்டவள், இந்த வருடம்தான் ‘கவுச் டு 5கே’ ஆப்பைப் (புதிதாக ஓடுபவரை வாரம் வாரமாக 5 கி.மீ. வரை கொண்டுபோகும் பயிற்சி) போட்டுக்கொண்டு ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஓட ஆரம்பித்தேன். ஐந்தாவது வாரக் கடைசியில் 20 நிமிடம் நிற்காமல் ஓடிவிட்டேன். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் டெங்கு. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறியது. பிளேட்லெட் 38 ஆயிரம் வரை இறங்கி, இப்போது 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. காய்ச்சல் விட்டு 16 நாள் ஆகிறது. நேற்று ஓடிப் பார்த்தேன். இரண்டே நிமிடத்தில் நெஞ்சு படபடத்து நின்றுவிட்டேன். இன்று படுக்கையை விட்டு எழவே மனமில்லை. ஆறாவது வாரத்திலிருந்து தொடரலாமா, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா, டாக்டர்? டிசம்பரில் 5 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

பதில்: ஆறாவது வாரம் வேண்டாம். இப்போதைக்கு முதல் வாரமும் வேண்டாம். முதலில் நடை.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது நேற்றைய படபடப்பைவிட இன்றைய அசதிதான். ஓடும்போது மூச்சு வாங்குவது பயிற்சி விட்டுப்போனதால் வருவது. இரண்டு நிமிட ஓட்டத்துக்கு மறுநாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருப்பது, நோயிலிருந்து உடல் இன்னும் முழுசாக மீளவில்லை என்பதற்கு அடையாளம். டெங்குவில் ரிப்போர்ட் சரியான பிறகும் அசதி சில வாரங்கள் நீடிப்பது சகஜம். பிளேட்லெட் எண்ணிக்கை ரத்தக்கசிவு அபாயம் நீங்கியதைத்தான் சொல்லும், ஓடலாமா என்பதைச் சொல்லாது.

படுக்கை ஒன்றே எவ்வளவு பறித்துக்கொள்ளும் என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் அவர்களுக்குக் கால் பங்குக்கும் மேல் குறைந்துபோனது. அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை. உங்களுக்கோ டெங்குவும் சேர்ந்துகொண்டது. படுத்தே கிடந்தால் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைய, அதை ஈடுகட்ட வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. ஆறுதலான பாதியும் அந்த ஆய்வில் இருக்கிறது. சுமார் 8 வாரப் பயிற்சியில் அந்த இளைஞர்கள் இழந்ததை மீட்டது மட்டுமில்லாமல், பழைய நிலையைத் தாண்டியும் போனார்கள். உங்கள் 20 நிமிடம் எங்கேயும் போய்விடவில்லை.

ஆனாலும், ஓடும் முன் இரண்டு பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். ஒன்று ஈசிஜி. டெங்கு சிலருக்கு இதயத்தசையையும் தொட்டுவிட்டுப் போகும். நீங்கள் படபடப்பு என்று எழுதியிருப்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சுவலி, மயக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் எக்கோவும் (இதய ஸ்கேன்) பார்ப்பார்கள். இதயத்தசை அழற்சி என்று உறுதியானால் வழக்கமாக 3 முதல் 6 மாதம் ஓட்டத்தை நிறுத்தச் சொல்வோம். அதில் பேரம் கிடையாது.

இரண்டாவது, ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை). டெங்கு சமயத்தில் மாதவிலக்கு வந்தால் பல பெண்களுக்கு உதிரப்போக்கு அதிகமாகிவிடும். வீட்டில் எல்லோரும் பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டிருப்பதால் இது கவனத்துக்கு வருவதில்லை. இரும்புச்சத்து குறைந்திருந்தால் எத்தனை வாரம் ஓய்வெடுத்தாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

எல்லாம் சரியாக இருந்தால், இந்த வாரம் சமதளத்தில் 15 நிமிட நடை போதும். மறுநாள் காலை எழும்போது எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அசதி கூடவில்லை என்றால் 20 நிமிடம், அப்புறம் 30. கூடினால் ஒருநாள் முழு ஓய்வு எடுத்துவிட்டு, அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள். ரேஸ் கோர்ஸ் சுற்று கிட்டத்தட்ட இரண்டரை கி.மீ. சாதாரண நடைக்கு அரை மணி நேரம். அந்த ஒரு சுற்றை ஒருநாள் விட்டு ஒருநாள் என மூன்று முறை நடந்து, மூன்று மறுநாளும் நன்றாக இருந்தால் ஓட்டத்துக்குப் போகலாம். அது பத்து நாளில் நடந்தாலும் சரி, ஒரு மாதம் ஆனாலும் சரி.

கூடவே காலையில் எழுந்ததும், காபிக்கு முன்னால், படுத்தபடியே நாடியைப் பாருங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். கையில் வாட்ச் கட்டி ஓடியிருந்தால் பழைய கணக்கு அதிலேயே இருக்கும். வழக்கத்தைவிடப் பத்துப் பதினைந்து கூடுதலாகக் காட்டினால் அன்று ஓட்டம் வேண்டாம். டெங்குவிலிருந்து தேறும் நாட்களில் சிலருக்கு நாடி வழக்கத்தைவிட மெதுவாகவும் இருக்கும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். தலைசுற்றலும் சேர்ந்துகொண்டால் மட்டும் காட்டிவிடுங்கள்.

ஓட்டம் தொடங்கும்போது முதல் வாரத்திலிருந்தே தொடங்குங்கள். ஐந்து நிமிட நடைக்குப் பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, எட்டு முறை. 20 நிமிடம் ஓடியவருக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும், உடம்புக்கு அல்ல, மனசுக்கு. சளி, சாதாரணக் காய்ச்சல் என்று ஒரு வாரம் நின்றவர் ஒரு வாரம் பின்னால் போனால் போதும். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. முதல் வாரம் நிஜமாகவே சுலபமாக இருந்தால், மூன்று நாளுக்குப் பதில் இரண்டே நாளில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பெரும்பாலும் முன்பைவிடக் குறைந்த நாட்களில் 20 நிமிடத்தைத் தொட்டுவிடுவீர்கள்.

வேகம்? பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சிழுக்காமல் சொல்ல முடிய வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி சீக்கிரம் திரும்பிவிடுவதால், ஓரிரு வாரத்திலேயே மூச்சு லேசாகிவிடும். “எல்லாம் சரியாகிவிட்டது” என்று தோன்றும். ஆனால் கெண்டைக்கால் தசையும் முன்னங்கால் எலும்பும் குதிகால் தசைநாணும் அந்த வேகத்தில் தேறுவதில்லை. நோய்க்குப் பிறகு திரும்பி வருகிறவர்கள் கால்வலியோடு என்னிடம் வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். எனவே வாரத்துக்கு மூன்று நாள் மட்டும், நடுவில் ஒருநாள் இடைவெளி. விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட நான்காவது நாள் ஓடக் கூடாது. வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடவும் கூடாது.

இதே கேள்வியை டைபாய்டுக்குப் பிறகு கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் சாப்பிட்டிருந்தால் குதிகால் தசைநாண் பலவீனமாகும் அபாயம் மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் வரை இருக்கும். குதிகாலுக்கு மேலே வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீளலாம். வீக்கம் வடியும்வரை நடையோடு நிற்பது நல்லது.

சாப்பாட்டில் கஞ்சி, ரசம் சாதத்தோடு நிற்காதீர்கள். படுத்த நாட்களில் தசையும் கரைந்திருக்கும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒரு புரதம் தட்டில் இருக்கட்டும்.

டிசம்பர் ஓட்டத்துக்குப் போங்கள், பெயரை வாபஸ் வாங்க வேண்டாம். ஆனால் நாளைக் கணக்கிட்டுப் பயிற்சியை அதற்குள் திணிக்காதீர்கள். 5 கி.மீ.யை வேகமாக நடந்தாலே 50 நிமிடம், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அன்று எந்த வாரத்தில் இருக்கிறீர்களோ அந்த வாரத்து ஓட்டம்-நடை அளவிலேயே போங்கள். முந்தின வாரம் காய்ச்சலோ இருமலோ வந்தால், சட்டையையும் பிப்பையும் (நெஞ்சில் குத்தும் எண் அட்டை) வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று மற்றவர்களுக்குக் கைதட்டுங்கள்.