பல்க் ஆப்டிமைஸ் அழுத்தினால் தளமே விழுகிறது: 500, 508 பிழைகளை எப்படித் தீர்ப்பது?

கேள்வி சுருக்கமாக இது: பினாங்கில் ஒரு கோயிலின் வேர்ட்பிரஸ் தளம், சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகை) உள்ள ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பலர் பங்கிடும் திட்டம்). தண்ணீர்மலை தைப்பூசத்தில் எடுத்த 1,400 படங்களை ஏற்றியாகிவிட்டது. படச் சுருக்கப் பிளக்-இன்னில் பல்க் ஆப்டிமைஸ் (எல்லாப் படங்களையும் மொத்தமாகச் சுருக்குவது) ஓடவிட்டால் பாதியில் நிற்கிறது. சில நேரம் 500, சில நேரம் 508. மெமரி லிமிட்டை 512 எம்பி ஆக்கியும் தீரவில்லை.

பிளக்-இன்னை இப்போதே மாற்ற வேண்டாம். அடுத்த பிளக்-இன்னும் அதே சர்வரில்தான் ஓடப்போகிறது, அதே இடத்தில்தான் விழும். எந்த வரம்பு இடிக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

508 என்பது க்ளவுட்லினக்ஸ் (ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு வைக்கும் சர்வர் இயங்குதளம்) ஓடும் சர்வர்களில் வரும் எண். ஒரே நேரத்தில் உங்கள் கணக்கில் நடக்கும் கோரிக்கைகள் வரம்பைத் தொட்டுவிட்டன என்று பொருள். சிபேனலில் இதை என்ட்ரி ப்ராசஸ் என்பார்கள். பல திட்டங்களில் இந்த வரம்பு 20. பிளக்-இன் ஒரே சமயத்தில் நான்கைந்து படங்களை அனுப்புகிறது, நீங்கள் இரண்டு டேப் திறந்து வைத்திருக்கிறீர்கள், பக்தர்களும் படம் பார்க்க வருகிறார்கள். அவ்வளவுதான், 20 நிரம்பிவிடும். சிபேனலின் ரிசோர்ஸ் யூசேஜ் பக்கத்தில் எது, எத்தனை மணிக்கு இடித்தது என்று வரைபடமாகவே காட்டும்.

504 வந்தால் நேரம் போதவில்லை. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வழக்கமாக 60 விநாடி காத்திருந்துவிட்டுக் கைவிடும். 413 வந்தால் ஏற்றும் கோப்பின் அளவு கூடுதல். 403 வந்தால் பெரும்பாலும் மாட்செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு வடிகட்டி, பிளக்-இன் பின்னணியில் அனுப்பும் அட்மின்-அஜாக்ஸ் கோரிக்கையைத் தடுத்திருக்கும். அதை ஹோஸ்டிங்காரர்தான் விலக்கித் தர முடியும்.

500தான் கொஞ்சம் சிக்கலானது, சர்வருக்குள் ஏதோ பிழை என்று மட்டுமே அது சொல்லும். சிபேனலில் எரர் லாக் என்ற பிழைப் பதிவைத் திறந்து, பிழை வந்த நிமிடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "அலவ்ட் மெமரி சைஸ் ஆஃப் 268435456 பைட்ஸ் எக்ஸாஸ்டட்" என்று இருந்தால் வேர்ட்பிரஸ் ஓடும் மொழியான பிஎச்பியின் 256 எம்பி வரம்பு தீர்ந்திருக்கிறது. நீங்கள் 512 வைத்த பிறகும் அந்த எண்ணே வந்தால், உங்கள் மாற்றம் சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. வேர்ட்பிரஸ் கான்பிக் கோப்பில் மாற்றினால் மட்டும் பல இடங்களில் எடுபடாது. சிபேனலின் மல்ட்டி-பிஎச்பி ஐஎன்ஐ எடிட்டரில் மாற்ற வேண்டும்.

லாகில் எதுவுமே இல்லாமல் 500 வருகிறதா? அப்படியானால் படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் மென்பொருளைச் சந்தேகியுங்கள். சர்வரில் இமேஜிக் (இமேஜ்மேஜிக்கைப் பிஎச்பியோடு இணைப்பது), ஜிடி (இன்னொரு படக் கருவி) இரண்டும் இருந்தால் வேர்ட்பிரஸ் இமேஜிக்கைத்தான் முதலில் எடுக்கும். அது பிடிக்கும் நினைவகம் பிஎச்பியின் மெமரி லிமிட் கணக்கில் வராது. அதனால் 512 ஆக்கினாலும் 1,024 ஆக்கினாலும் பயன் இல்லை. உங்கள் கணக்குக்கான மொத்த நினைவக வரம்பை அது தாண்டும்போது சர்வர் அந்த ப்ராசஸையே கொன்றுவிடுகிறது. லாக் எழுதக்கூட அவகாசம் இருக்காது.

இவ்வளவு நினைவகம் ஏன் தேவைப்படுகிறது? இந்தக் கணக்கு புரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஜேபெக் கோப்பு 8 எம்பி என்பதை வைத்து எடைபோடக் கூடாது. திறந்ததும் அது பிக்சலாக விரியும். 6000 × 4000 அளவுள்ள கேமரா படம் 2.4 கோடி பிக்சல். ஜிடி ஒரு பிக்சலுக்கு 4 பைட் எடுக்கும்: 96 எம்பி. பரவலாக நிறுவப்படும் 16 பிட் இமேஜ்மேஜிக் 8 பைட் எடுக்கும்: 192 எம்பி. சிறிதாக்கும்போது புதிய படத்துக்கும் இடம் வேண்டும். இப்படி 4 படங்கள் ஒன்றாக ஓடினால் 1 ஜிபி திட்டம் தாங்குமா? அதே படத்தை 2560 × 1707 ஆக்கினால் ஜிடிக்கு சுமார் 17.5 எம்பி, இமேஜ்மேஜிக்குக்கு 35 எம்பி போதும்.

ஆகவே உங்கள் நிலையில் முதலில் செய்ய வேண்டியது இது. எஃப்டிபி (சர்வரோடு கோப்புகளை ஏற்றி இறக்கும் முறை) வழியாக அப்லோட்ஸ் கோப்புறையை இறக்கி, மூலப் படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு கணினியிலேயே நீளப் பக்கம் 2560 பிக்சலுக்குக் குறையுங்கள். விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸில் உள்ள இமேஜ் ரீசைசர் போதும், எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் முடித்துவிடலாம். பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். அந்தச் செயலி பெயரின் பின்னால் அளவைச் சேர்க்கும், அதை அமைப்பில் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கோப்புகள் மீதே திரும்ப ஏற்றுங்கள். பிளக்-இன்னிலேயே "மூலப் படத்தைச் சிறிதாக்கு" என்று ஒரு வசதி இருக்கும்தான். ஆனால் சிறிதாக்க அந்தப் பெரிய படத்தைச் சர்வர் முதலில் திறந்தாக வேண்டுமே, அங்கேதான் விழுகிறது.

அடுத்து பிளக்-இன் அமைப்பில் ஒரே நேரத்தில் ஓடும் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். படங்களுக்கு இடையே 2 அல்லது 3 விநாடி இடைவெளி கொடுங்கள். பின்னணியில் ஓடும் வசதி இருந்தால் வேர்ட்பிரஸின் சொந்த க்ரானை (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதியை) நிறுத்திவிட்டு, சிபேனலில் க்ரான் வேலை ஒன்று வைத்து இரவில் ஓடவிடுங்கள். இதில் பலர் தவறும் இடம் ஒன்று: க்ரான் சர்வர் நேரப்படி ஓடும். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால், பினாங்கில் விடியற்காலை 3 மணி என்பது அங்கே முந்தைய நாள் இரவு 7 மணி. மணிக் கட்டத்தில் 19 என்று போட வேண்டும். 3 என்று போட்டால் நம் ஊரில் காலை 11 மணிக்கு ஓடும், தளம் பரபரப்பாக இருக்கும் வேளையில்.

இதற்குப் பிறகும் சத்தமில்லாமல் 500 வந்தால், வேர்ட்பிரஸின் "டபிள்யூபி இமேஜ் எடிட்டர்ஸ்" ஃபில்டரில் (எந்தப் படக் கருவி முதலில் என்று தீர்மானிக்கும் இடம்) ஜிடியை முன்னால் வைத்துப் பாருங்கள். ஒரு விலை உண்டு: ஜிடி படத்தில் பதிந்துள்ள வண்ண ப்ரொஃபைலை (நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பை) விட்டுவிடும். ஐபோனில் எடுத்த காவடிப் படங்களில் மஞ்சளும் குங்குமச் சிவப்பும் சற்று மங்கித் தெரியலாம். கணினியில் குறைக்கும்போதே எஸ்ஆர்ஜிபி என்ற பொது வண்ண முறைக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் பிளக்-இன் வெளிச் சர்வருக்கு அனுப்பிச் சுருக்கும் வகை என்றால் நினைவகச் சுமை குறைவு, சிக்கல் வேறு இடத்தில். லாகில் "கர்ல் எரர் 28" என்றால் பதில் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தளம் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்தால், முகவரி வழியாகப் படத்தை எடுக்க வரும் சேவை வாசலிலேயே 401 வாங்கித் திரும்பும்.

கோப்பு எண்ணிக்கையையும் பாருங்கள். வேர்ட்பிரஸ் ஒரு பெரிய படத்துக்கு மூலத்தோடு சேர்த்து 8 கோப்புகள் வரை உருவாக்கும். ஒவ்வொன்றுக்கும் வெப்பி வடிவப் பிரதியும் சேர்ந்தால் 16. உங்கள் 1,400 படத்துக்கு 22,400 கோப்புகள், பிளக்-இன்னின் பேக்கப் தனி. ஐநோட் வரம்பு (கணக்கில் இருக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை) நிரம்பினால் வட்டில் இடம் இருந்தும் புதிய கோப்பு எழுத முடியாது. பிளக்-இன் அதை வெறும் "தோல்வி" என்றுதான் சொல்லும். தீமில் பயன்படாத அளவுகளை நிறுத்திவிடுங்கள்.

இன்னும் தீராமல் ஹோஸ்டிங்காரருக்கு டிக்கெட் போடுவதானால், "தளம் மெதுவாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். பிழை எண், மலேசிய நேரமா யூடிசியா என்ற குறிப்போடு நிமிடம் வரை நேரம், எந்தப் படக் கோப்பில் நின்றது, ரிசோர்ஸ் யூசேஜில் எந்தக் கோடு உச்சத்தைத் தொட்டது என்ற நான்கையும் எழுதி, அந்த நிமிடத்தில் ப்ராசஸ் கொல்லப்பட்டதா என்று நேரடியாகக் கேளுங்கள்.