போர்க்கைதியாக இருந்த விமானி ஒருவர் மேஜிக் செய்தே காலம் தள்ளினாராமே, உண்மையா?

உண்மைதான். செட்ரிக் ஹில் என்ற ஆஸ்திரேலியர். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானியாக இருந்தவர், 1916-ல் சினாய் பாலைவனத்தில் துருக்கியரிடம் பிடிபட்டு, அனடோலியாவின் யோஸ்காட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்.

அங்கே ஜோன்ஸ் என்ற கைதி, எழுத்துப் பலகையில் (ஒய்ஜா போர்டு) ஆவி பேசுவதாக விளையாட்டாகக் கதைவிட்டுக்கொண்டிருந்தார். கைவித்தை தெரிந்த ஹில்லும் கூட்டுச் சேர்ந்தார். இருவரும் 'மனதைப் படிக்கும்' காட்சிகூட நடத்தினார்கள். சூட்சுமம் கேள்வியில்தான். ஒருவர் கேட்கும் வார்த்தைகளிலேயே பதில் ஒளிந்திருக்கும். மற்றவர் அதைப் பிரித்துச் சொல்லிவிடுவார்.

முகாம் தளபதியே இதை நம்பிவிட்டார்! புதையல் இருக்கிறது என்று ஆவி ஆசை காட்டியது. ஹில் முன்கூட்டியே புதைத்து வைத்த 'துப்பு'களைத் தோண்டி எடுத்து அசந்துபோனார் மனிதர். அந்தக் காட்சியை ஹில் ஒளித்து வைத்திருந்த சின்னக் கேமராவில் படமும் பிடித்துக்கொண்டார்.

அப்புறம், விடுதலையாகி ஊர் திரும்புவதற்காக இருவரும் பைத்திய வேஷம் போட்டார்கள். ஹில் நாள் முழுக்க பைபிளும் கையுமாக அழுதார். பட்டினி கிடந்து எலும்பும் தோலுமானார். கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போகும் வழியில் இருவரும் தூக்கு மாட்டிக்கொள்வதுபோல் நடித்தபோது நிஜமாகவே உயிர் போகப் பார்த்தது. அங்கே டாக்டர்கள் நம்பினார்கள். ஆனால் 1918-ல் விடுதலை கிடைத்தபோது போர் முடியவே சில வாரங்கள்தான் பாக்கி.