ஜெல் பாலிஷ் தோலோரத்தில் உரிவது பற்றி

தோழி, விரல்களை வெந்நீரில் ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு ஜெல் பாலிஷ் (விளக்கொளியில் இறுகும் நகப்பூச்சு) போடுவதாகவும், மூன்றே நாளில் அது தோலோரத்தில் உரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாலிஷை மாற்றிப் பயனில்லை. கோளாறு அந்தத் தண்ணீரிலும் எண்ணெயிலும், நகத்தில் ஒட்டியிருக்கும் செத்த தோலிலும்தான்.

நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் விரியும். அப்போதே ஜெல் போட்டால், பிறகு நகம் காய்ந்து சுருங்கும்போது பூச்சு பிடி விட்டுவிடும். ஊறவைத்தே தீர வேண்டும் என்றால் முந்தின நாளே செய்துவிடுங்கள்.

முக்கியமானது இது: நகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகம் தொடங்கும் இடத்தில், தோலை ஒட்டி, மங்கலான மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அதுதான் செத்த தோல். புஷரால் (நகத்தோரத் தோலைத் தள்ளும் சிறு கருவி) மெதுவாகச் சுரண்டினால் வெள்ளைத் தூளாக வரும். அது இருக்கும்வரை ஜெல் நகத்தில் ஒட்டாது, அந்தப் படலத்தில்தான் ஒட்டும். ஆனால் அதை ஒட்டியுள்ள உயிருள்ள தோலை வெட்டவே வெட்டாதீர்கள். கிருமி உள்ளே போகாமல் காப்பதே அந்தத் தோல்தான்.

அப்புறம் 240 கிரிட் (சொரசொரப்பு அளவு) பஃபரால், அதாவது நகம் தேய்க்கும் கட்டையால், பளபளப்பு மட்டும் போகும்படி லேசாகத் தேய்த்து, நூல் உதிராத துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். அதன்பின் நகத்தில் விரல் படக் கூடாது. பேஸ் கோட் (முதலில் போடும் அடிப்பூச்சு) மெல்லிசாக, தோலிலிருந்து மயிரிழை தள்ளி, நுனி விளிம்பையும் மூடிப் போடுங்கள். தோலில் பட்டால் ஜெல்லை இறுக்கும் விளக்கில் வைக்கும் முன்பே துடைத்துவிடுங்கள். காயாத ஜெல் அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். அரிப்பு தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

எண்ணெயை, எல்லாம் முடிந்த பிறகு தினமும் தாராளமாகத் தடவலாம்.