காற்று வலுக்கும் நாளில் பாய்மரப் போட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாய்மரப் படகுப் போட்டியில் நடுவர் குழுவுக்கு உதவப் போகிறேன். துறைமுகத்தில் காற்றும் அலையும் கடுமையாக இருந்தால், நடத்தலாமா வேண்டாமா என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: காற்றின் சராசரி வேகத்தை மட்டும் நம்பாதீர்கள். பத்து நிமிடம் விடாமல் அளந்து, சராசரியையும் உச்ச வீச்சையும் (திடீரென அடிக்கும் காற்றின் அதிகபட்ச வேகம்) தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பாயின் மேல் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 12 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 17 நாட் ஆனாலே விசை இரட்டிப்பாகிவிடும். படகைக் கவிழ்ப்பது அந்த வீச்சுதான்.

அடுத்து ஓத அட்டவணை, அதாவது கடல் நீர் ஏறி வடியும் நேரப் பட்டியல். ஓதம் வடிந்து நீர் வெளியே ஓடும்போது காற்று கடலிலிருந்து உள்ளே வீசினால், துறைமுக வாயிலில் அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழும். ஓதம் திரும்பினால் அதே காற்றில் அலை தணிந்துவிடும். ஆகவே தொடங்கும் நேரத்தை அல்ல, கடைசிப் படகு வாயிலைக் கடக்கும் நேரத்தை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் ஆபத்து சுமார் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியும்வரை யாரையும் நீரில் இறக்கக் கூடாது.

கேள்வி: அவசரத்தில் கொடிகள் குழம்புகின்றன. எதை எப்போது ஏற்றுவது?

பதில்: தொடங்காத போட்டிக்கு ஏ.பி. கொடி, தொடங்கிய போட்டிக்கு ‘என்’ (N) கொடி. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. சிவப்பு வெள்ளை நெடும்பட்டைகள் கொண்டது ஏ.பி.; இரண்டு ஒலியோடு ஏற்றினால் ஒத்திவைப்பு. ஒரு ஒலியோடு இறக்கிய 1 நிமிடத்தில் எச்சரிக்கைச் சைகை (தொடக்க எண்ணிக்கையின் முதல் சைகை) வரும். நீலமும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருப்பது ‘என்’; மூன்று ஒலியோடு ஏற்றினால் போட்டி கைவிடப்பட்டது. இவ்விரண்டில் எதன் கீழும் எச் கொடி இருந்தால் அடுத்த சைகை கரையில். ஏ கொடி இருந்தால் இன்று போட்டியே இல்லை. எச்சரிக்கைச் சைகைக்கு முன்போ அதனுடனோ ஒய் கொடியை ஒரு ஒலியோடு ஏற்றிவிட்டால் மிதவைச் சட்டை கட்டாயமாகிவிடும். இந்தக் கொடிகளை மடித்து, கையெட்டும் இடத்தில் வரிசையாக மாட்டி வையுங்கள்.

கேள்வி: ஒரே நேரத்தில் மூன்று படகுகள் கவிழ்ந்தால் மீட்புப் படகு எங்கே முதலில் போக வேண்டும்?

பதில்: தலை குறைகிற இடத்துக்கு. இருவர் ஓட்டும் படகருகே ஒரே தலை தெரிந்தால், மற்றவர் பாய்க்கடியிலோ கயிற்றிலோ சிக்கியிருக்கலாம். அங்கே நொடிகள்தான் கணக்கு. படகின் அடிப்பலகை மேல் ஏறி உட்கார்ந்து கையசைப்பவர் காத்திருக்க முடியும். காற்று போகும் பக்கத்திலிருந்து, முகப்பைக் காற்றுக்கு எதிராக வைத்து மெதுவாக நெருங்குங்கள். காற்று வரும் பக்கமாகப் போனால் உங்கள் படகே அவர்கள்மேல் தள்ளப்படும். சில மீட்டர் முன்பே நியூட்ரல். கை தொடும் தூரத்தில் எஞ்சினையே அணைத்துவிடுங்கள். மிதக்கும் பாய்க்கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டால் மீட்க வந்த படகும் முடங்கிவிடும். ஓட்டுநர் கில் ஸ்விட்ச் கயிற்றை (அவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது)த் தொடையில் மாட்டியே இருக்க வேண்டும். கூட வருபவர் இடுப்பில் கயிறறுக்கும் கத்தி வேண்டும். படகு முழுக்கத் தலைகீழாகப் போகிறதென்றால் பாய்மர உச்சியைப் பிடித்து நீருக்கு மேலே தாங்குங்கள்.

ஆளை ஏற்றிவிட்டுப் படகை விட்டுவர நேர்ந்தால், அதில் கண்ணில் படும்படி நிறப்பட்டை ஒன்றைக் கட்டிவிடுங்கள். “ஆள் இல்லை” என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் அடுத்த மீட்புப் படகு வெற்றுப் படகைச் சுற்றித் தேடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பாய்மரப் படகுக்குத்தான் எப்போதும் முன்னுரிமை என்கிறார்களே?

பதில்: குறுகிய கப்பல் வழியில் இல்லை. அந்த வழியை விட்டால் பாதுகாப்பாகச் செல்ல முடியாத கப்பலுக்குப் பாய்மரப் படகு இடையூறாக இருக்கக் கூடாது என்பது சர்வதேச மோதல் தவிர்ப்பு விதி 9. கப்பல் குறைந்தது ஐந்து குறும் ஒலிகளை எழுப்பினால், உங்கள் நோக்கம் அதற்குப் புரியவில்லை என்று பொருள். படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய மிதவைகளைக் கப்பல் வழிக்கு வெளியே போடுங்கள். கப்பல் வரும் நேரங்களைத் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: மீட்புப் படகுகளை எப்போது கரைக்கு அழைக்கலாம்?

பதில்: ஒவ்வொருவருக்கும் ஒரு எண் வில்லையைப் பலகைக் கொக்கியில் ஒதுக்கி, நீரில் இறங்கும்போது அதை எடுக்கவும், திரும்பியதும் தானே மாட்டவும் சொல்லுங்கள். நண்பருடையதை மாட்ட விடாதீர்கள்; அங்கேதான் கணக்கு பொய்யாகிறது. பாதியில் விலகி வேறு துறையில் கரையேறியவரிடம் பேசி உறுதி செய்யுங்கள். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் மீட்புப் படகு நீரிலேயே நிற்க வேண்டும்.