வேகத்தடையில் கேட்கும் ‘டொக்’

கேள்வி: 70,000 கிலோமீட்டர் ஓடிய என் சிறிய காரில், பள்ளங்களில் இறங்கும்போது முன்பக்கம் இடது சக்கரத்தருகே ‘டொக் டொக்’ என்று கேட்கிறது. ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் ரேக் மூன்றையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். செலவு செய்வதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: முடியும். மூன்றும் ஒருசேரத் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டென்றாலும், எந்தச் சூழலில் சத்தம் எழுகிறது என்று பார்க்காமலே மூன்றையும் மாற்றச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். முதலில் காருக்குள் உருளக்கூடிய பொருள்கள் அனைத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் சஸ்பென்ஷனைச் சந்தேகித்துவிட்டு, இருக்கைக்கு அடியில் கிடந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலைக் கண்டெடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

பிறகு, நடமாட்டம் இல்லாத சாலையில் ஒரு வேகத்தடையை மிக மெதுவாக, முதலில் நேராகவும், அடுத்து ஒரு சக்கரம் முந்தியும் மற்றது பிந்தியும் ஏறும்படி சாய்வாகவும் கடந்து பாருங்கள். நேராக ஏறும்போது அடங்கியிருந்த சத்தம் சாய்வாக ஏறும்போது தெளிவாகக் கேட்டால், முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பியான லிங்க் ராடு மீதுதான். இரு பக்கச் சஸ்பென்ஷனையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார், இரண்டு சக்கரங்களும் ஒன்றாக உயரும்போது முறுகுவதில்லை. ஒன்று மட்டும் உயரும்போதுதான் முறுகி, லிங்க் ராடின் முனைகளில் உள்ள பால் ஜாயின்ட்களை இழுக்கிறது. (லிங்க் ராடு இல்லாமல், சக்கரத்தை வண்டி உடலோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மிலேயே பார் நேரடியாகப் பொருந்தும் கார்களும் உண்டு, அவற்றில் பாரின் ரப்பர் புஷ்களைப் பாருங்கள்.) பிரேக் பிடிக்கும்போதும் வண்டி கிளம்பும்போதும் ஒற்றை ‘டொக்’ கேட்டால், லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கக்கூடும்.

லிங்க் ராடைக் கையால் பிடித்து அசைத்துப் பார்க்கும்போது பலர் செய்யும் தவறு, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குவது. அப்போது முறுகிய பார் லிங்க் ராடை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், தேய்ந்த ஜாயின்ட்டின் ஆட்டம் வெளியே தெரியாது. இரண்டு முன்சக்கரங்களும் தரையில் இருக்க வேண்டும், அல்லது இரண்டுமே தூக்கப்பட்டிருக்க வேண்டும்.

தூக்குவதாக இருந்தால் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, வண்டியின் கையேடு காட்டும் இடங்களில் ஜாக் ஸ்டாண்டுகளை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் நொறுங்கிவிடும். இப்போது சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 மணி இடங்களில் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், ஸ்டீயரிங் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் வெளி முனையான டை ராடு எண்ட் அல்லது உள் முனையான ரேக் எண்டைப் பாருங்கள். 12, 6 மணி இடங்களில் ஆட்டம் இருந்தால் உதவிக்கு ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், தொடர்ந்தால் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட். இந்த பால் ஜாயின்ட்டில் ஆட்டம் உறுதியானால் அதை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

பானெட் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணும் சோதனை, முற்றிலும் செயலிழந்த ஷாக் அப்சார்பரை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அதன் உடல் மீது ஆயில் வழிந்திருக்கிறதா என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது.

லிங்க் ராடுதான் என்று உறுதியானால் நீங்களே மாற்றலாம். நட்டைத் திருப்பும்போது உள்ளிருக்கும் ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும் என்பதால் அதன் நுனியை ஆலன் கீயால் பிடித்துக்கொள்ள வேண்டும். துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். பழைய லாக் நட்டை மீண்டும் போடாமல் புதியதைப் போட்டு, கையேட்டில் உள்ள டார்க் (திருகு விசை) அளவுக்கு இறுக்குங்கள். டை ராடு எண்டை மாற்றினால், கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி அதே அளவு திருகினாலும், வீல் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் கார் இடப்பக்கம் இழுக்கிறது. என்ன காரணம்?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், இடப்பக்கம் மிக லேசாக ஒதுங்குவது குறையல்ல. அதற்கு மேல் இழுத்தால், காலையில் டயர்கள் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு, ஒரு திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர்களாக இல்லையென்றால், முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில் இருக்கிறது. மாறாவிட்டால், பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுசெல்லுங்கள், தொட வேண்டாம். இடது சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் பேடு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: முழுவதும் திருப்பி ஓட்டும்போது மட்டும் ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து கேட்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸ் போய்விட்டதா?
- வாசகர், காரைக்குடி

பதில்: பெரும்பாலும் இல்லை, இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட் தேய்ந்திருக்கும். அதன் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் விண்ணென்று தெறிப்பதுபோல் கேட்டால் அது, ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல் பேரிங். அந்த வேலையைப் பணிமனையிடம் விட்டுவிடுங்கள். அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கை அதற்குரிய கம்ப்ரஸர் இல்லாமல் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.